முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள்

எங்கள் பால் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனியோடு இணைத்தபோது ஆளுக்கொரு மஞ்சள் டீ ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் ‘ஒரே குடும்பம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பு துடைக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். எழுத்து இருக்கிற பக்கத்தால்தான் துடைப்பேன். இத்தனை நாளாகியும் கோபம் ஆறவில்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் எங்கள் பால் குளிரூட்டும் நிலையம் இருந்தது. தளவானூர், அனந்தபுரம், மேல்மலையனூர் என்று நாலா பக்கத்து ஊர்களிலிருந்தும் காலையிலும் சாயங்காலமும் வேனில் கேன் கேனாகப் பால் வரும். லேபில் பார்த்து, குளிர வைத்து, டேங்கர் லாரியில் சென்னைக்கு அனுப்புவோம். எந்த வேன் எந்த வழியாக வரவேண்டும், டேங்கர் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. திண்டிவனத்தில் பி.காம். முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள். தலையில் நரை விழுகிற வரைக்கும் அதே நாற்காலியில் இருந்தேன்.

அப்போது கம்பெனி செஞ்சிக்காரர் ஒருவருடையது. சேர்ந்த அன்று அவர் முன்னால் போய் நின்று, “ஐயா” என்றேன். எங்கள் நைனா நிலம் உள்ளவர்களை அப்படித்தான் கூப்பிடுவார். காலனியிலிருந்து வருகிற எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஐயா எல்லாம் வேணாம்மா. காலேஜ்ல வாத்தியாரை இன்னான்னு கூப்புடுவ? சார்னு தானே? அப்டியே கூப்புடு” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு சார். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. சார் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் சமையலுக்கு மட்டும்தான் வெளி ஆள். பரிமாறுவது நாங்கள். டிரைவர்களுக்குக் கை பலம் உண்டு, அவர்கள் சோற்று வாளி தூக்குவார்கள். லேப் ஆட்கள் உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் வைப்பார்கள். ஆபீஸ்காரர்கள் சாம்பார், ரசம். லோடு ஏற்றுகிறவர்கள் தண்ணீர், கடைசியில் இலை எடுப்பது. பந்தி விசாரிப்பது நான். யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டே வரிசைக்கு நடுவில் நடப்பேன். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தியதில்லை. கூப்பிடாவிட்டால்தான் கோபப்படுவோம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் தடவை அவர் வீட்டில் மகள் கல்யாணத்துக்கு நான் சாம்பார் வாளியோடு போனபோது, சாருடைய மைத்துனர் கையால் இலையை மூடி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்து, “வேற ஆளு இல்லியா?” என்றார். சார் குரலை உயர்த்தவே இல்லை. “இந்த ஊட்ல இவங்கதான் பரிமாறுவாங்க மாமா. பசிக்கலன்னா எழுந்துக்கங்க” என்றார். மைத்துனர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர், “அந்த மனுசன விட்டுட்டு எங்கயும் போவாத” என்றார். நானும் போகவில்லை. சென்னையில் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று விட்டேன்.

இணைப்பு என்று பேச்சு வந்தபோது முதலில் எங்களுக்குப் பயமே இல்லை. சார் எல்லாரையும் பால் இறக்குகிற மேடையில் கூப்பிட்டு நிறுத்தினார். “இது விக்கிறது இல்ல, சேர்றது. அவங்க பெரிய ஆளுங்க, நமக்குத்தான் நல்லது. ஒருத்தரையும் வெளிய அனுப்ப மாட்டாங்க, நான் சொல்லி வச்சிருக்கேன்” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எங்களுக்கும்தான். தளவானூர் வேன் ஓட்டுகிற அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் இருந்தவர். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். வேனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டி வைத்திருந்தவர் அவர்.

அப்புறம் புது ஆட்கள் வந்தார்கள். சுவரெல்லாம் அவர்கள் கம்பெனி நிறத்தில் இருக்க வேண்டுமாம். ஆபீசில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றினார்கள். மதியம் நாங்கள் எல்லாரும் லேபுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து, டிபன் டப்பாவை நடுவில் திறந்து வைத்துச் சாப்பிடுவோம். என் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு அங்கே சண்டையே நடக்கும். அது சுகாதாரமில்லை என்று சொல்லி, மேசை நாற்காலி போட்டு, சாப்பாட்டு நேரத்தை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகினோம். பேசிக்கொள்வது குறைந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து எங்களை பலூன் ஊதி உடைக்கச் சொல்லும். அதற்குப் பெயர் மகிழ்ச்சி நேரம். நாற்பது வயதுக்கு மேல் பலூன் ஊதினால் என்ன மகிழ்ச்சி வரும், தலைதான் சுற்றும்.

அமாவாசை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை என்றால் அந்த ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ்தான். சாயங்காலம் ஒரு சைக்கிள் கூட நகராது. அதனால் முதல் நாளே அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நான் போன் போட்டுவிடுவேன். அவர்களும் மதியமே பால் கறந்து கொடுத்துவிடுவார்கள். எங்கள் வழக்கம் அது. புது மேனேஜர் வந்த முதல் அமாவாசைக்கு நான் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் மேப்பைக் காட்டி, “ரோடு கிளியரா இருக்கே மேடம். சாமி விஷயமெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க” என்றார். அன்று வேன் கூட்டத்தில் மாட்டி, பால் முழுக்கத் திரிந்து வந்தது. மறுநாள் மீட்டிங்கில் அவர் சொன்னார், பழைய ஸ்டாப் ஒத்துழைப்பு இல்லையாம். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் சொல்வதில்லை. எதைச் சொன்னாலும் நம் தலையில்தான் விடியும் என்று புரிந்துவிட்டது. லேபில் ஒரு மிஷின் மக்கர் பண்ணினால் கூட, தானாக நிற்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் அப்படி விட்டவனை நாங்களே திட்டித் தீர்த்திருப்போம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என்னைப் புது கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன், என் மகன் வயதுதான் இருக்கும், எச்.ஆர். என்றான். ஆறு பேரை அனுப்புகிறோம், அதில் நீங்களும் ஒருத்தர் என்று சுற்றி வளைத்துச் சொன்னான்.

“வேலைய விட்டுத் தூக்குறீங்களா?” என்றேன்.

“தூக்குறது இல்ல மேடம். இதுக்குப் பேரு செபரேஷன்.”

“செபரேஷன் ஆவறதுக்கு நான் இன்னா உங்க கம்பெனிக்குப் பொண்டாட்டியா?”

அவன் பேனாவை என் பக்கம் தள்ளினான். நான் தொடவில்லை. எங்கள் சாருக்கு இது தெரியுமா, அவர் யாரையும் அனுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே, அவருக்கு இப்போதே போன் போடு என்று சத்தம் போட்டேன். ஒரு கட்டத்தில் அவன் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து அவனும் இதையேதான் செய்துகொண்டிருந்தான் பாவம்.

“அவர்தாங்க சொன்னாரு” என்றான். “எங்களுக்கு உங்க யாரையும் தெரியாது. ஆறு பேரைக் குறைக்கணும்னு கேட்டப்ப, இவங்களை அனுப்புங்க, பிரச்சினை பண்ண மாட்டாங்க, எதுவும் பேச மாட்டாங்கன்னு உங்க சார்தான் பேர் சொன்னாரு. நீங்க என்னடான்னா இவ்ளோ பேசறீங்க.”

யாரெல்லாம் அந்த ஆறு பேர் என்று கேட்டேன். சொன்னான். தளவானூர் அண்ணன் இருந்தார். சார் வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள்தான் ஆறு பேரும். சாருடைய முகத்துக்கு நேராகவே கெட்ட வார்த்தை சொன்ன ஒரு லோடு மேன் இருந்தான், அவனுக்கு வேலை இருந்தது. மாமா வக்கீல் என்று சொல்லிச் சொல்லியே மூன்று தடவை லீவு வாங்கியவனுக்கும் வேலை இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் நாங்கள், வெளியே வந்தோம்.

அடுத்த நாளே சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, “சார் மெட்ராஸ் போயிருக்காரும்மா” என்றார். சாருடைய செருப்பு படிக்குப் பக்கத்தில் கிடந்தது. நானும் அதைப் பார்த்தேன், அம்மாவும் அதைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன்.

நெல் ஏலம் விடுகிற கமிட்டிக்குப் பக்கத்தில் ஒரு நெல் வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனேன். நெல் தூசியில் நாள் முழுக்கத் தும்மல். தளவானூர் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டினார். கமிட்டிப் பக்கம் வரும்போதெல்லாம் டீ குடிக்க என்னைக் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கும் அவருக்கும் ஒரே தகராறுதான்.

“அந்தப் பையன் சும்மா சொல்லியிருப்பான்மா” என்பார் அண்ணன். “நம்ம வாய அடைக்கணுமில்ல, அதுக்கு சார் பேர இழுத்துட்டான். சார் வாயிலேர்ந்து அப்டி வராது.”

“ண்ணா, செருப்பு வாசல்ல கெடந்துச்சிண்ணா.”

“வேற செருப்பு போட்டுக்கினு போயிருப்பாரு.”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? போட்டோ இன்னும் அவரிடம்தான் இருந்தது. பழைய வேனிலிருந்து உரித்தெடுத்து ஸ்கூல் வேனில் ஒட்டியிருந்தார். எனக்கு சார் மேல் வந்த கோபத்தில் பாதி இவர் மேலும் வரும். தின்ற சோறு செரிக்காத மாதிரி அந்த ஒரு விஷயம் எனக்குள் கிடந்தது. சார் அதைச் சொன்னாரா இல்லையா என்பதல்ல. சொன்னார், எனக்குத் தெரியும். அவர் அதை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் காதில் விழ வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி. தூங்கும்போது கூட அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிக்குள் ஒரு கார் வந்தது. அந்தத் தெருவில் கார் வந்தால் நாலு வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். சாரும் அம்மாவும் இறங்கினார்கள். அம்மா கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, அதன் மேல் பத்திரிகை. கோட்டைக்குப் போகிற வழியில் புதுசாக வீடு கட்டியிருக்கிறார்களாம், கிரகப்பிரவேசமாம். எங்களை விற்ற காசில் எழும்பிய வீடு என்று செஞ்சியில் எல்லாருக்கும் தெரியும். மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை அப்படியே தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார் என்று கொத்தனார்கள் டீக்கடையில் பேசுவார்கள்.

“இன்னாம்மா, இளைச்சிட்ட?” என்றார் சார், எதுவுமே நடக்காத மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “வேலையில இருக்கிற பசங்களுக்கு லீவு கெடைக்காது. புதுக் கம்பெனிக்காரங்க கண்டிப்பா இருக்காங்க. அதனால நீதான் நம்ம பழைய ஆளுங்களக் கூட்டிக்கினு வரணும். வழக்கம்போல பந்தி நீ பாத்துக்க. கம்பெனி பெரியவங்க எல்லாம் மொதல் பந்தியிலயே உக்காருவாங்க. நல்லா இருக்கணும்.”

எங்களைத் தெருவில் விட்ட ஆளுக்கு நாங்கள்தான் பந்தி பரிமாற வேண்டும். அதுவும் எங்களை வெளியே அனுப்பினவர்களுக்கு. இப்படிக் கேட்கிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் கூடக் கூச்சமில்லை. என்னைத் திட்டியிருந்தால் கூட இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது. நான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“வந்துடறோம் சார்” என்றேன்.

கார் திரும்புவதற்குள் நான் முடிவு பண்ணிவிட்டேன். மற்ற ஐந்து பேருக்கும் போன் போட்டேன். பிறகு தாங்களாகவே வேலையை விட்டு வந்தவர்களுக்கும் போட்டேன். எல்லாரும் வரவேண்டும், நல்ல துணி உடுத்திக்கொண்டு வரவேண்டும், வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ கூட்டி வரவேண்டும். முதல் பந்தியில் போய் உட்கார வேண்டும். யாரும் வாளியைத் தொடக்கூடாது. இவ்வளவுதான். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டவர் வீட்டுக்கு விருந்தாளியாகத்தானே போக வேண்டும்? எல்லாருக்கும் குஷி தாங்கவில்லை. ஒருத்தர் பட்டுப்புடவையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்கே போன் பண்ணினார்.

அண்ணன் மட்டும் இழுத்தார். “சாப்பாட்ல பழி வாங்கக் கூடாதும்மா. பசியோட வர்றவங்க உக்காந்துக்கினு இருப்பாங்க.”

“நம்ம வயித்துல அடிச்சப்ப யாருக்குப் பசி தெரிஞ்சிதுண்ணா?”

“சார் அப்டிச் செய்யலம்மா.”

“சரி, செய்யல. நீ வா. உக்காரு. எழுந்துக்காத. அது போதும்.”

வெறுங்கையோடு போகக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினோம். காலையில் பால் காய்ச்சுகிற நேரத்துக்கே போய்விட்டோம். முன்பு சார் வீட்டு விசேஷத்துக்கு எங்கள் பிளாண்டிலிருந்து முதல் கேன் பால் போகும், நான்தான் வேனில் ஏற்றி அனுப்புவேன். அன்று அம்மா புதுக் கம்பெனி பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். வீடு பெரிய வீடுதான். தரையெல்லாம் வழுக்குகிறது. கடிகாரத்தைக் கொடுத்தோம், சிரித்தோம், எல்லா ரூமையும் சுற்றிப் பார்த்தோம். அண்ணன் மட்டும் ஒவ்வொரு ரூமிலும் சுவரைத் தொட்டுப் பார்த்து, “நல்லா கட்டியிருக்காரு” என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மதியச் சாப்பாடு மொட்டை மாடியில் பந்தல் போட்டு. இரண்டு வரிசை, எதிரெதிராக. இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சார் கம்பெனிப் பெரியவர்களைக் கூட்டி வந்து ஒரு வரிசையில் உட்கார வைத்தார். எங்கள் மேனேஜர் கூட வந்திருந்தார், அந்த அமாவாசை மேனேஜர். நாங்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்தோம், ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும். அண்ணன் எனக்குப் பக்கத்தில்.

உட்கார்ந்தோமா, அப்படியே இருந்தோம். மாடிப்படிக்குப் பக்கத்தில் சோற்று வாளி, சாம்பார் வாளி, பொரியல் தாம்பாளம் எல்லாம் நிரப்பி வரிசையாக வைத்திருந்தது. ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை. சமையல் ஆட்கள் தங்கள் வேலை முடிந்தது என்று கீழே போய்விட்டார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்று, எல்லாரும் காலி இலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிரில் ஒரு பெரியவர் தண்ணீர் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். அண்ணனுக்கு மனசு தாங்கவில்லை, பாதி எழுந்துவிட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

சார் என்னிடம் வந்து குனிந்தார். “இன்னாம்மா உக்காந்துட்ட? பந்தி நிக்குது பாரு.”

“பத்திரிகை வச்சிக் கூப்டீங்களே சார். விருந்துக்கு வந்திருக்கோம்” என்றேன்.

அவர் வரிசை முழுக்கப் பார்த்தார். பட்டுப்புடவை, சலவை வேட்டி, ஒருத்தரும் அசையவில்லை. புரிந்துவிட்டது அவருக்கு. காது இரண்டும் சிவந்தது. அதைப் பார்க்கத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். நன்றாகப் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் போய் சோற்று வாளியைத் தூக்கினார். அம்மா பொரியல் எடுத்தார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வேறு ஆள் இல்லாததால் அந்த மைத்துனரும் வந்தார், அன்று இலையை மூடினவர். இப்போது தலை முழுக்க வெள்ளை. சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். நான் யார் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது. எனக்கு இருந்தது.

“ஊத்துங்க” என்றேன். ஊற்றினார். “இன்னொரு கரண்டி” என்றேன். ஊற்றினார். “முருங்கக்காய் பாத்துப் போடுங்க” என்றேன். வாளிக்குள் தேடி எடுத்துப் போட்டார். அந்த முருங்கைக்காய் அவ்வளவு ருசி.

ஆனால் சார் விவரமான ஆள். இரண்டு இலை போவதற்குள் அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க, நம்ம வீடு” என்று ஒவ்வொரு இலையாகக் குனிந்து பரிமாறினார். எதிர் வரிசையிலிருந்து ஒருத்தர் போனை எடுத்துப் படம் பிடித்தார். இன்னொருத்தர் வீடியோ எடுத்தார். “வேலை பாத்தவங்களுக்கு ஓனரே கையால பரிமாறுறாரு பாருங்க. பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும்” என்று மேனேஜர் சத்தமாகச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் போட்ட திட்டம் முழுக்க அவருக்குப் பெருமையாகப் போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு இந்த வீடியோ செஞ்சி முழுக்கச் சுற்றும். எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து அவருக்குக் கிரீடம் சூட்டியது நான்தான். பக்கத்தில் பார்த்தேன். அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. நான் சொன்னேனில்ல, சார் தங்கம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

கம்பெனியின் பெரிய ஆள் ஒருத்தர், வெள்ளை பேண்ட் போட்டவர், எதிரிலிருந்து கேட்டார். “சார், இவங்கெல்லாம் யாரு, உங்க சொந்தக்காரங்களா?”

சார் அப்போது அண்ணன் இலைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்து, அண்ணன் தோளில் கை போட்டார். பாசமாகத்தான் போட்டார். அவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை.

“சொந்தம் மாதிரிதான். நம்ம பழைய ஸ்டாப். ஆளு குறைக்கணும்னு நீங்க கேட்டப்ப நான் சொன்னேனே, தங்கமானவங்க, அனுப்பிச்சா ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாங்கன்னு. அவங்கதான் இவங்க. பாருங்க, அனுப்பின பொறவும் விசேஷத்துக்கு வந்திருக்காங்க.”

வெள்ளை பேண்ட்காரர் சட்டென்று தன் இலையைப் பார்த்தார். அவருக்குக் கூட வெட்கமாக இருந்தது. சார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அண்ணன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. வாய்க்குப் போகவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. எத்தனை நாள் ஆசைப்பட்டேன், அண்ணன் காதில் அது விழ வேண்டும் என்று. விழுந்துவிட்டது. அவர் அந்தப் பிடி சோற்றை மெதுவாக இலையில் வைத்தார். பிறகு ரசம் வந்தது, வேண்டாம் என்றார். பாயசம் வந்தது, வேண்டாம் என்றார். கேட்கிறவர்களுக்கு மரியாதையாகவே சொன்னார். நான் “ண்ணா” என்றேன். அவர் காதில் விழவில்லை.

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். இந்த வீட்டுக்கு இன்னும் வருவோம், உறவு நிற்கட்டும் என்று அர்த்தம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்போம். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அண்ணன் தன் பக்கத்து விளிம்பை இரண்டு விரலால் தூக்கி, அந்தப் பக்கமாக மடித்தார். சோறு வெளியே வராமல் நிதானமாக, அழுத்தி மடித்தார்.

நான் இதைத் திட்டம் போடவில்லை. என் ஆத்திரத்தில் கூட எனக்கு இது தோன்றவில்லை. புது வீடு, பால் காய்ச்சின அன்றைக்கே. ஒரு நொடி என் கை இலைக்குப் போகவில்லை. பிறகு என் இலையையும் அந்தப் பக்கமாக மடித்தேன். எனக்கு அடுத்தவர் பார்த்தார், மடித்தார். வரிசையின் கடைசி வரைக்கும் ஒவ்வொரு இலையாக மடிந்துகொண்டே போனது. அம்மாதான் முதலில் பார்த்தார். கையில் இருந்த அப்பளத் தட்டு சாய்ந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எதிர் வரிசையில் போனை வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார்.

சார் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, என்ன செய்வது என்று தெரியாமல். வேகமாக அண்ணனிடம் வந்தார். என்னிடம் வரவில்லை. நான் வாய்த்துடுக்குக்காரி, என்னிடம் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் என்றால் அவர் சொன்னதைக் கேட்பார். குனிந்து, குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“இன்னாப்பா, இலைய மாத்தி மடிச்சிட்ட? தெரியாம மடிச்சிட்டியா?”

அண்ணன் எழுந்து நின்றார். எப்போதும் சார் முன்னால் நிற்கிற மாதிரியே, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குரலும் அதே மரியாதையான குரல்தான். மாடி முழுக்கக் கேட்டது.

“தெரிஞ்சிதான் சார் மடிச்சேன்.”